ஏழு நாள் குடைச்சல் கணக்கு

எதனால் டென்ஷன் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள்: வேலை, வீடு, பணம், பிள்ளைகள். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்ய முடியாது. ‘வீடு’ என்பதை எங்கே பிடித்துத் திருகுவது? ‘தண்ணீர் லாரி 6 மணிக்கு வருமா, 9 மணிக்கு வருமா என்று தெரியாததால் காலை முழுக்கக் காது வாசலிலேயே இருக்கிறது’ என்று சொன்னால் மட்டுமே அடுத்துச் செய்ய ஏதாவது இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லை இப்படி ஒரு வாக்கியமாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தில் நீங்கள் செய்யப்போகும் வேலை. தேவைப்படுவது ஒரு நோட்டும் ஏழு நாளும்.

தொடங்குமுன் ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்வோம். நம் பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்ற சொல் இரண்டு வேறு விஷயங்களுக்கு ஓடுகிறது. அன்றாட நெருக்கடியில் வரும் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை ஒன்று. மருத்துவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வு நோய் மற்றொன்று. இங்கே பேசப்படுவது முதல் வகை. குழப்பம் வேண்டாம் என்பதற்காக அதைக் குடைச்சல் என்றே அழைப்போம்.

கோட்பாடு, தேவையான அளவு மட்டும்

1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, திருமணத்துக்கு 50, கிறிஸ்துமஸுக்கு 12. (தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடைக்குப் போனவர்கள் 12 போதாது என்பார்கள்.) பெரிய நிகழ்ச்சிகள்தான் மனிதரை நோகடிக்கின்றன என்பது அந்தப் பட்டியலின் நம்பிக்கை. 1981இல் ரிச்சர்ட் லாசரஸும் அவரது குழுவினரும் வேறு வழியில் போனார்கள். 117 சில்லறைத் தொல்லைகளைப் பட்டியலாக்கி, நடுவயதினர் சிலரிடம் 10 மாதம், மாதம் ஒரு முறை கொடுத்துக் குறிக்கச் சொன்னார்கள். யாருக்கு மன உபாதைகள் வரும் என்பதைப் பெரிய நிகழ்ச்சிகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே நன்றாகக் காட்டிக்கொடுத்தன. மரணம் அற்பமானது என்று இதற்குப் பொருளில்லை. பெரிய அடி விழும்போது உறவும் ஊரும் கூடிவிடும்; தினமும் தட்டும் சுண்டுவிரல் அடிக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

ஆனால் எல்லாத் தொல்லையும் ஒரே அளவில் குடைவதில்லை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் செய்த இரைச்சல் சோதனைகளில் (1972இல் நூலாக வந்தது) ஒரே இரைச்சலைச் சிலர் சீரான இடைவெளியில் கேட்டார்கள், சிலர் தாறுமாறான இடைவெளியில் கேட்டார்கள். இரைச்சல் நின்றபின் கொடுத்த வேலையில் அதிகம் சறுக்கியது தாறுமாறாகக் கேட்டவர்கள்தாம். இன்னொரு சுற்றில் சிலரிடம் ஒரு பொத்தானைக் காட்டி, ‘தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், அழுத்தாமல் இருந்தால் நல்லது’ என்றார்கள். பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் பொத்தான் இருந்தவர்கள் பொத்தான் இல்லாதவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். இந்த அத்தியாயத்தின் வாதமும் அதுதான். ஒரு தொல்லையின் எடை அதன் அளவில் மட்டும் இல்லை. அது எப்போது வரும் என்று தெரியுமா, நிறுத்த ஒரு பிடி நம் கையில் இருக்கிறதா என்பதில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆகவே தொல்லையைக் குறைக்க முடியாத இடத்திலும் தேதியைக் கூட்டலாம், பிடியைக் கூட்டலாம்.

முதலில் பாதுகாப்பு

கீழ்க்கண்டவை இருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள். இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

1. நெஞ்சில் அழுத்தம், தோள், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் ‘டென்ஷன்தான்’ என்று சோடா குடித்துப் படுக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி தெளிவாகத் தெரியாமலேயே மாரடைப்பு வரலாம்.

2. காரணமில்லாத படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, தீராத அசதி இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் டென்ஷன் வேடத்தில் வரும்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமின்மை, அழுகை, பசியும் தூக்கமும் மாறிப்போவது இருந்தால் அது குடைச்சல் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

4. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். இரவு பகல் எப்போதும் இயங்கும் இலவசச் சேவை, தமிழிலும் பேசலாம். அப்படிப் பேசுபவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள்.

5. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் இந்த நோட்டை வீட்டில் வைக்கவே வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

6. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். மது தூக்கத்தை வரவைப்பதுபோல் தோன்றும். நள்ளிரவுக்குமேல் அதே தூக்கத்தைக் கலைக்கும்.

கணக்கு எழுதும் முறை

1. சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் சிறிய நோட்டு ஒன்று வாங்குங்கள். கைபேசியில் எழுத வேண்டாம். எழுதத் திறந்தால் அதிலேயே அடுத்த குடைச்சல் காத்திருக்கும்.

2. ஒரு நாளைக்கு மூன்று முறை எழுதுங்கள்: மதியச் சாப்பாட்டுக்கு முன், விளக்கு வைக்கும் நேரம், படுக்குமுன். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

3. ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரே வரி. மணி, இடம், என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது. ‘8.10, பஸ் ஸ்டாப், இரண்டு வண்டி நிற்காமல் போனது, பல்லைக் கடித்தேன்.’

4. வரியின் ஓரத்தில் மூன்று கேள்விகளுக்கு டிக் அல்லது பெருக்கல் குறி போடுங்கள். முன்கூட்டித் தெரிந்ததா? என் கையில் ஏதாவது பிடி இருந்ததா? இந்த வாரம் முன்பே வந்ததா?

5. ஏழு நாள் முடியும்வரை எதையும் சரிசெய்ய முயலாதீர்கள்.

6. எட்டாம் நாள் உட்கார்ந்து பிரியுங்கள். முறை பின்னால் வருகிறது.

ஐந்தாம் படி பலருக்குக் கடினம். இரண்டாம் நாளே ஏதாவது ஒன்றைப் பிடித்துச் சண்டைக்குப் போய்விடுவார்கள். அன்று கண்ணில் பட்டது அதிகம் குடைவதாக இருக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் கடைசியாக வந்ததாகவும் இருக்கலாம். மாலை 7 மணிக்குப் பிள்ளை மேல் விழும் அடி பெரும்பாலும் காலை 11 மணிக்கு அலுவலகத்தில் பிறந்தது. ஏழு நாள் வரிகளை அடுக்கிப் பார்த்தால்தான் அந்தப் பிறந்த இடம் தெரியும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. ஆள் பெயரைக் காரணமாக எழுதுவது முதல் தவறு: ‘மாமியார்’ என்று எழுதினால் வழக்கு முடிந்துவிடும், வேலை தொடங்காது. ‘மதியம் என்ன சமையல் என்று 10 மணிக்குள் மூன்று முறை கேட்டார்’ என்று எழுதுங்கள். இரவில் மட்டும் மொத்தமாக எழுதுவது இரண்டாவது. களைத்த மனம் முழு நாளையுமே மோசமானதாக எழுதிவிடும். பெரிதாகத் தோன்றுவதை மட்டும் எழுதி, செருப்பு வார் அறுந்ததையும் சில்லறை இல்லாமல் கண்டக்டர் கத்தியதையும் வெட்கப்பட்டு விட்டுவிடுவது மூன்றாவது. அந்த வெட்கத்தால்தான் காரணங்கள் பல ஆண்டு ஒளிந்திருக்கின்றன.

இப்படி எழுதிக்கொண்டிருந்தால் கவலை கூடாதா என்ற கேள்வி நியாயமானது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று பக்கம் பக்கமாக எழுதினால் கூடத்தான் செய்யும். ஆனால் மணியும் இடமும் போட்டு ஒரு வரியில் நிறுத்தும் எழுத்து, கவலையை மனத்தில் சுற்றவிடாமல் ஒரு இடத்தில் இறக்கிவைக்கிறது. 2018இல் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் இளைஞர்கள் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்து ஒரு சிறு சோதனை செய்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் முடித்த வேலைகளையும் மீதிப் பேர் வரும் நாட்களில் முடிக்க வேண்டியவற்றையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சிறிய சோதனைதான், இளைஞர்களிடம் மட்டும் செய்தது. ஆனாலும் எழுதுவதால் கவலை கூடும் என்ற பயத்தை அது ஆதரிக்கவில்லை.

எங்கே தேடுவது: பணம்

பணக் குடைச்சலில் பணத்தின் அளவும் தேதியும் தனித்தனிப் பிரச்சினைகள். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம், அறுவடைக்கு முன் ஒரு முறையும் பணம் கைக்கு வந்தபின் ஒரு முறையும், புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் செய்தது. கரும்புக்காரருக்கு வருமானத்தின் பெரும்பகுதி வருடத்தில் ஒரு தடவை, மொத்தமாக வரும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்குப் போகும், கைமாற்று கூடும். அதே மனிதர், அதே நிலம், அதே படிப்பு. ஆனால் கை வறண்ட மாதங்களில் சோதனையில் மோசமாகவும், பணம் வந்தபின் நன்றாகவும் செய்தார்.

இரண்டாம் முறை செய்யும்போது யாருக்கும் கை பழகிவிடுமே என்று கேட்கலாம். அதை எண்ணித்தான் தொடக்கத்திலேயே 100 பேரைத் தனியே நிறுத்திவைத்து, அறுவடைக்குப் பின்பு முதன்முறையாகச் சோதித்தார்கள். பழக்கம் மட்டுமே அந்த வித்தியாசத்துக்குக் காரணமாகத் தெரியவில்லை. பருவநிலைதான் காரணமோ என்றால், ஆலை வெவ்வேறு நிலங்களுக்கு வெவ்வேறு மாதங்களில் வெட்டுத் தேதி கொடுப்பதால் அதையும் ஓரளவு விலக்க முடிந்தது. வறுமையும் சிந்தனையும் பற்றிய இந்த வகை ஆய்வுகளில் சில, வேறிடத்தில் திரும்பச் செய்தபோது அதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே ‘ஏழ்மை மூளையை மழுங்கடிக்கிறது’ என்று பெரிதாக முழங்க வேண்டாம். தவணைத் தேதி நெருங்கும் வாரத்தில் முக்கிய முடிவு எடுக்காதீர்கள் என்ற அடக்கமான பாடத்துக்கு இது போதும். நிலம் விற்பது, வேலையை விடுவது, மகளுக்கு வரன் முடிப்பது, எதுவானாலும் அந்த வாரத்தைத் தாண்டட்டும்.

பணக் குடைச்சலுக்குத் தேதி போடும் முறை:

1. ஒரு ஆண்டு நாட்காட்டியை எடுத்து, ‘திடீர்ச் செலவு’ என்று நீங்கள் அழைப்பதை எல்லாம் அதில் குறியுங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணம், வண்டிக் காப்பீடு, தீபாவளி. மொய் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. வைகாசியும் ஆவணியும் தையும் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன.

2. ஒவ்வொன்றையும் மீதமிருக்கும் மாதங்களால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே தனியே ஒதுக்குங்கள். முழுத்தொகை முடியாவிட்டால் பாதி. பாதி ஒதுக்கியவருக்கு மீதிப் பாதியாவது எவ்வளவு என்று தெரியும்.

3. கடன்களை வட்டி வரிசையில் எழுதுங்கள், தொகை வரிசையில் அல்ல. கந்துவட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய் வங்கியின் ஒரு லட்சத்தைவிட அதிகம் குடையும்.

4. வங்கி, நிதி நிறுவனக் கடனுக்காக வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருக்கிறது. உறவினரை, நண்பரை அழைத்து அவமானப்படுத்துவதும் கூடாது. மீறினால் அழைப்பு வந்த நேரத்தைக் குறித்து, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

சம்பளமே போதாதவருக்கு நாட்காட்டியில் கோடு போட்டு என்ன பயன் என்பார்கள். வருமானத்தை இந்த முறை ஒரு ரூபாய்கூடக் கூட்டாது, உண்மைதான். ஆனால் பற்றாக்குறை 4,000 ரூபாய் என்று தெரிந்தவர் 4,000க்கு வழி தேடுவார். எவ்வளவு என்றே தெரியாதவர் மாதம் முழுக்கத் தேடுவார்.

எங்கே தேடுவது: வீட்டுக்குள் ஓடும் பட்டியல்

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. ஆனால் நோட்டில் அதிகம் வரப்போவது இந்த நிமிடங்களாக இருக்காது. கடிகாரத்தில் சிக்காத இன்னொரு வேலை இருக்கிறது: நாளைக்கு மாவு இருக்கிறதா, சிலிண்டர் எத்தனை நாள் வரும், சின்னவனுக்குச் சீருடை காய்ந்ததா, மாமாவுக்கு மாத்திரை தீர்ந்ததா. பாத்திரம் தேய்ப்பது முடிந்துவிடும் வேலை. இந்தப் பட்டியல் முடிவதே இல்லை. பஸ்ஸிலும் ஓடும், படுக்கையிலும் ஓடும்.

இங்கே ஒரு வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். ‘சொன்னா செய்ய மாட்டேனா?’ என்று பல கணவர்கள் உள்ளபடியே நல்ல மனத்தோடு கேட்கிறார்கள். சிக்கல் ‘சொன்னா’ என்பதில் இருக்கிறது. கவனிப்பது, நினைவில் வைப்பது, நேரம் பார்த்துச் சொல்வது, செய்தாரா என்று பின்தொடர்வது ஆகிய நான்கும் சொல்பவர் தலையிலேயே இருக்க, ஐந்தாவதான ‘செய்வது’ மட்டும் கை மாறுகிறது. கை மாற்றினால் ஐந்தையும் மாற்ற வேண்டும்:

1. பட்டியலை வாய்விட்டுச் சொல்லி, ஒரு தாளில் இறக்குங்கள். அதைப் பார்க்கும்வரை மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2. அதில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து முழுசாகக் கொடுங்கள். சிலிண்டர் என்றால், தீரப்போவதைக் கவனிப்பது முதல் வந்ததைப் பொருத்துவது வரை.

3. ஒரு மாதம் நினைவூட்டாதீர்கள். ஒரு தடவை சிலிண்டர் தீர்ந்து அன்று வீடே ஓட்டலில் இட்லி வாங்கிச் சாப்பிடலாம். அந்த இட்லியின் விலை வீணில்லை.

4. அவர் செய்யும் விதத்தைத் திருத்தாதீர்கள். திருத்தினால் வேலை அன்றே உங்களிடம் திரும்பிவிடும்.

எங்கே தேடுவது: கைபேசி

குடும்பக் குழு, பள்ளிக் குழு, அடுக்ககக் குழு, அலுவலகக் குழு. ஒவ்வொரு ‘டிங்’ ஒலியும் கிளாஸும் சிங்கரும் எழுப்பிய தாறுமாறான இரைச்சல்தான். அப்படியானால் எல்லா அறிவிப்பையும் அணைத்துவிடலாமே? இந்தியாவில் கைபேசி பயன்படுத்துவோரிடம் செய்து 2019இல் வெளியான ஒரு சோதனையின் முடிவு சற்று வித்தியாசமானது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று வேளை மொத்தமாகப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஒன்றுமே வராமல் நிறுத்தப்பட்டவர்களுக்குப் பதற்றம்தான் கூடியது. எதையோ தவறவிடுகிறோம் என்ற அரிப்பு வேலை செய்திருக்கும். இதுவும் தேதியின் கதைதான்: எப்போது வரும் என்று தெரிந்தால் மனம் காத்திருக்கும்.

1. உண்மையிலேயே அவசரத்துக்கு அழைக்கக்கூடிய நான்கைந்து பேருக்கு மட்டும் மணி ஒலிக்கட்டும்.

2. எல்லாக் குழுக்களையும் ஒலியடக்குங்கள். குழுவை விட்டு வெளியேற வேண்டாம். சித்தப்பாவுக்கு விளக்கம் சொல்வது அதைவிடப் பெரிய குடைச்சல்.

3. பார்க்கும் நேரம் மூன்று வைத்துக்கொண்டு, அந்த நேரங்களை மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

சுருக்கமாக, மற்ற இடங்கள்

வேலையிடத்தில் ‘நேரம் இருக்கும்போது வந்துட்டுப் போங்க’ என்ற ஒரு செய்தி அரை நாளைக் கெடுக்கும். ‘எது சம்பந்தமா சார், இன்னைக்கே வேணுமா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. சத்தத்தைப் பொறுத்தவரை, குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை, திருவிழா நாட்களுக்குக் குறிப்பிட்ட விலக்கு உண்டு. விதி இருந்தும் எதிர்வீட்டு விசேஷத்துக்குப் போலீசை அழைக்க மனம் வராது. எத்தனை நாள், எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பாதிக் குடைச்சல் அதிலேயே போகும். உடம்பில் முதலில் பார்க்க வேண்டியது காபி. அதன் காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உங்களோடு விழித்திருக்கும்.

எட்டாம் நாள்

1. ஏழு நாள் வரிகளையும் படியுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்தவற்றைக் கோடிடுங்கள்.

2. அவற்றில் ‘தெரியாது’, ‘பிடி இல்லை’ என்று இரண்டு பெருக்கல் குறியும் விழுந்தவற்றை வட்டமிடுங்கள். ‘தினமும் வருகிறது, எப்போதென்று தெரியாது, ஒன்றும் செய்ய முடியாது’ என்பவை இவைதாம்.

3. வட்டமிட்டவற்றில் மிகச் சிறியது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரியதைத் தேர்ந்தெடுக்க ஆசை வரும். வேண்டாம்.

4. அதற்கு மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள். தேதி போடுங்கள்: லாரிக்காரரிடம் கிளம்பும்போது ஒரு அழைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். பொத்தான் வையுங்கள்: இரண்டு பஸ் நிற்காவிட்டால் பகிர்வு ஆட்டோ, அதற்கென்று தனியே மாதம் 300 ரூபாய். கை மாற்றுங்கள்: மேலே சொன்ன சிலிண்டர் முறையில்.

5. இரண்டு வாரம் அதை மட்டும் நடத்திவிட்டு, அடுத்ததற்குப் போங்கள்.

இதற்குப் பதில் தினமும் பிராணாயாமம் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூச்சுப் பயிற்சியும் நடையும் உடம்பின் படபடப்பைத் தணிக்கும், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூச்சை எவ்வளவு நிதானமாக விட்டாலும் லாரி வரும் நேரம் தெரிந்துவிடாது. ‘எல்லாம் மனசுதான் காரணம்’ என்ற வாதமும் பாதி தூரம்தான் வரும். பிரிட்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தது. இதயநோய் மரணம் உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியரிடம்தான் மிக அதிகம். புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்தபின்னும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. மைக்கேல் மார்மட் குழுவினர் பின்னர் நடத்திய இரண்டாம் ஆய்வில், தம் வேலையின் மேல் அதிகாரம் குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக இருந்தது. அந்தக் கடைநிலை ஊழியர்கள் எல்லோரும் மனசைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

அதனால்தான் சில வரிகள் எத்தனை கணக்கு எழுதினாலும் நகராமல் நிற்கும். படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்வது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று தெரியாத வேலை, குடிக்கும் கணவன். இவற்றுக்கு எதிரே ‘பிடி இல்லை’ என்று நேர்மையாக எழுதிவிட்டு, இது யார் கையில் இருக்கிறது என்று ஒரு பெயரோ அலுவலகமோ எழுதுங்கள்: வாரம் ஒரு நாள் மாற்றிவிடக்கூடிய தங்கை, தொழிற்சங்கம், குடிநோய் மீட்பு மையம். அந்தக் கதவைத் தட்டும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள்.

இரண்டாம் கணக்கை மூன்று மாதம் கழித்து, புதுத் தாளில் தொடங்குங்கள். முதல் கணக்கை அதற்குள் கிழித்துப் போட்டுவிடுவது நல்லது. ‘10 மணிக்குள் மூன்று முறை கேட்டார்’ என்ற வரி கேட்டவர் கண்ணில் பட்டால், புது நோட்டின் முதல் வரி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.